டைனஸ்டி ஏலத்தில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்

போன ஆகஸ்டில் ஒரு புது டைனஸ்டி லீக்கின் (வாங்கிய ஆட்டக்காரர்களை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் ஃபேன்டஸி லீக்) முதல் ஏலத்தை நடத்திக்கொடுக்கச் சொன்னார்கள். 12 பேரில் 7 பேர் அதற்கு முன் சாதாரண ஃபேன்டஸி ஃபுட்பால் மட்டுமே ஆடியவர்கள். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு அது. நான்கு மணி நேர ஏலம். ஒவ்வொருவரிடமும் மிச்சம் எவ்வளவு என்பது திரையில் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2021இல் நான் செய்த அதே காரியத்தை மூன்று பேர் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தார்கள். ஏலம் நடத்துபவர் வாய் திறக்கக் கூடாது. அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிபட்டிருப்பவரை வாங்காதே, ஏலத்தின் நடுவில் இணையம் போகாமல் பார்த்துக்கொள் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை பட்டாலே புரிந்துவிடும்.

பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது

எங்கள் லீக்கில் ஆளுக்கு 200 டாலர் (கணக்குக்கு வைத்ததுதான், சொந்தப் பணம் இல்லை), 25 இடம். 12 அணிக்குமாகச் சேர்த்து 2,400 டாலர், 300 ஆட்டக்காரர்கள். இந்த 300 பேரில் பாதிக்கு மேல் ஒரு டாலருக்கும் இரண்டு டாலருக்கும் போய்விடுவார்கள். உண்மையான பணமெல்லாம் முதல் 60, 70 பேர் மேல்தான் விழும். இது எனக்கு 2021இல் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷம் மினசோட்டா அணியின் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடித்து முன்னேறுபவர்) ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு 22 வயது. முதல் வருஷத்திலேயே 88 பந்து பிடித்து 1,400 யார்டு எடுத்திருந்தார். நான் காகிதத்தில் அவர் பெயருக்கு நேரே 42 என்று எழுதி, அதற்கு மேல் ஒரு டாலர் கூடப் போகக் கூடாது என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். 42 வரை கேட்டேன். ஒருவர் 43 என்றார். கடிகாரம் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குகிறது, நான் அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போய்விட்டது. கட்டுப்பாட்டோடு இருந்தோம் என்று அப்போது நிம்மதிதான் வந்தது.

முதல் 30 பேர் விற்று முடிந்தபோது என்னிடம் 200 டாலர் அப்படியே இருந்தது, மற்றவர்களிடம் சராசரியாக 100 கூட இல்லை. இனிமேல் நான்தான் ராஜா என்று நினைத்தேன். ஆனால் ராஜா வாங்குவதற்குக் கடையில் சரக்கு வேண்டுமே. என்னைப் போலவே பணத்தைச் சேர்த்துவைத்திருந்த இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் மிச்சம் இருந்த அதே இரண்டாம் தர ரிசீவர்களுக்காக மோதிக்கொண்டோம். 14 டாலர் பெறுமானம் என்று நான் குறித்துவைத்த ஆளை 27க்கு எடுத்தேன், அடுத்தவரை 25க்கு. ஜெஃபர்சனுக்கு ஒரு டாலர் தர மாட்டேன் என்றவன், இரண்டே பேரிடம் 24 டாலரைக் கூடுதலாகக் கொட்டினேன். எல்லாம் முடிந்தபோது 11 டாலர் மிச்சம் வேறு. எங்கள் விதிப்படி மறுநாள் அது செல்லாக்காசு.

ஒரு வருஷ லீக் என்றால் இந்தத் தவறு டிசம்பரோடு போய்விடும். டைனஸ்டியில் போகாது. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே சில வருஷத்துக்கு ஒரு முறை மெகா ஏலம் வந்து அணிகளைக் கலைத்துப் போடும். இங்கே வாங்கியவரை அவர் ஓய்வுபெறும் வரை வைத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் என்எஃப்எல்லுக்குப் புதிதாக வரும் ரூக்கிகள் மட்டும்தான் பொதுவில் வருவார்கள். ஆக, லீக்கின் ஆயுளில் எந்த ஆட்டக்காரரையும் வெறும் பணத்தைக் கொடுத்து வாங்க முடிகிற நாள் அந்த ஒரு நாள்தான். அதற்கப்புறம் ட்ரேடுதான் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) வழி.

ட்ரேடில் கணக்கே வேறு. 2022 கோடையில் ஜெஃபர்சனைக் கேட்டுப் போனேன். என் ரிசீவர்களில் மூன்று பேர், கூட அடுத்த வருஷ முதல் சுற்று ரூக்கி பிக் (புதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) தருகிறேன் என்றேன். காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் நான் தருவதுதான் அதிகம். அவர் மறுத்தார், அவர் செய்தது சரி. வாரத்துக்கு ஒன்பது பேரைத்தான் களமிறக்க முடியும். என் மூன்று பேரை வாங்கினால் அவர் தன் அணியிலிருந்து இரண்டு பேரைக் கழற்றிவிட வேண்டும், களமிறங்கும் ஒரு இடமும் பலவீனமாகிவிடும். மூன்று நடுத்தர ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு உச்ச ஆட்டக்காரர் ஆக மாட்டார்கள். அந்த வருஷம் ஜெஃபர்சன் 128 பந்து, 1,809 யார்டு. என் அணி ஆறாவது. அதற்கு அடுத்த வருஷம் ஏழாவது. பட்டமும் இல்லை, கடைசியில் வந்தால் கிடைக்கும் முதல் ரூக்கி பிக்கும் இல்லை. இந்த நடுவாந்திர நிலைமைதான் டைனஸ்டியில் இருப்பதிலேயே மோசமானது, அதிலிருந்து எழுந்திருக்க எனக்கு முழுசாக மூன்று வருஷம் ஆனது.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன்? 25 இடத்தில் 12 இடத்தை ஒரு டாலர் இடம் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். மிச்சம் 188 டாலர், 13 ஆட்டக்காரர்கள். அதில் 130 டாலர் வரை முதல் நான்கு பேருக்கே போனாலும் கவலைப்படுவதில்லை, அந்த நாலு பேரும் 25 வயதுக்குள் இருந்தால் போதும். காகிதத்தில் ஆட்டக்காரர்களைத் தரவாரியாகப் பிரித்து, ஒரு தரத்தில் ஐந்து பேர் இருந்தால் இரண்டாவது மூன்றாவது ஆளிலேயே கையை நீட்டிவிடுவேன். அந்தத் தரத்தின் கடைசி ஆள் எப்போதும் விலை ஏறித்தான் போவார், காத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் மேல்தான் விழுவார்கள். ஏலம் சூடுபிடிக்கும் முன் முதலில் வரும் இரண்டு மூன்று பெயர்கள் பல தடவை மலிவாகப் போவதையும் பார்த்திருக்கிறேன், எல்லாரும் தயங்குகிற நேரம் அது. அப்புறம், காகிதத்தில் எழுதிய எண் ஒரு மதிப்பீடுதான். உச்ச ஆட்டக்காரருக்கு அதை மூன்று நான்கு டாலர் தாண்டுங்கள், தயவுசெய்து தாண்டுங்கள்.

உச்சத்தில் இருக்கும் ரன்னிங் பேக்கைச் சொத்து என்று நம்புவது

ரன்னிங் பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர். டாட் கர்லி 2017இல் என்எஃப்எல்லின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர், 2018இல் 21 டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி). 2018 கோடையில் அவரை விட்டுக்கொடுக்க எந்த டைனஸ்டி முதலாளிக்கும் மனசு வந்திருக்காது. 2020 மார்ச்சில் அவருடைய அணியான ராம்ஸ் அவரை விடுவித்தது, அட்லாண்டாவில் ஒரு வருஷம் ஆடினார், 26 வயதில் முடிந்துபோனது. முழங்கால்.

இதைச் சொன்னால் உடனே டெரிக் ஹென்றியைக் காட்டுவார்கள்: 2024இல், 30 வயதில் 1,921 யார்டு. சரிதான், ஆனால் ஹென்றி மாதிரி ஒருவர் ஹென்றி மட்டும்தான். ரன்னிங் பேக்கை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வருஷமே பட்டம் அடிக்கிற அணி இருந்தால் வாங்குங்கள், ஐந்து வருஷக் கணக்குப் போட்டு அந்த விலை கொடுக்காதீர்கள்.

சும்மா விலை ஏற்றிவிடுவது

"மலிவாப் போகுதே" என்று வேண்டாத ஆளுக்குக் கேட்பது. 2022இல் இன்னொரு புது லீக்கின் முதல் ஏலத்தில் ஒருவர் ரிசீவர் கூப்பர் கப்பின் விலையை இப்படி ஏற்றிக்கொண்டே போனார். முந்தைய வருஷம்தான் கப் 145 பந்து, 1,947 யார்டு என்று ஆடியிருந்தார், ஆனால் வயது 29. ஒரு கட்டத்தில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், கப் இவர் தலையில் விழுந்தார். இளைஞர்களை வைத்து அணி கட்டத் திட்டம் போட்டிருந்தவர், அந்த நிமிஷமே திட்டம் உடைந்தது. ஒன்பது ஆட்டத்தோடு கப்புக்குக் கணுக்காலில் அடி. கேட்கிற விலைக்கு அவர் உங்களிடமே வந்தாலும் சந்தோஷம் என்றால் மட்டும் கேளுங்கள்.

வேண்டாத பெயர்களை வைத்துச் செய்ய வேண்டியது வேறு: உங்கள் முறை வரும்போது அவர்களை ஏலத்துக்கு விடுங்கள், மற்றவர்கள் பணம் கரையட்டும்.

விதியைப் படிக்காமல் வருவது

இரண்டு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஆடலாம் என்கிற சூப்பர்ஃபிளெக்ஸ் லீக்கா, இல்லையா? இது தெரியாமல் ஒரு டாலர் கூடக் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு நல்ல வருஷத்தை வைத்து டைட் எண்ட்டுக்குக் கொட்டுவது

டைட் எண்ட் என்றால் எதிராளியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர். கைல் பிட்ஸ். முதல் வருஷம் 1,026 யார்டு, அடுத்த வருஷம் 356.

எப்போதும் "அடுத்த வருஷம்" என்பது

பணத்தை வைத்துக் காத்திருப்பதன் இன்னொரு முகம் இது. இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் ரூக்கி பிக்குகளாக மாற்றிக்கொண்டே போவார்கள். பிக் என்பது யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்பதால் இனிக்கிறது. அதன் விலை உச்சத்தில் இருப்பது ரூக்கி ட்ராஃப்டுக்கு (புதியவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்) முந்தைய வாரம். பெயர் சொன்ன மறுநிமிஷம் அது வெறும் ஒரு ஆட்டக்காரர். 2024இல் எங்கள் லீக்கில் மார்வின் ஹாரிசன் ஜூனியரை எடுக்க ஒருவர் இரண்டு நல்ல ரிசீவர்களைக் கொடுத்து முதல் பிக்கை வாங்கினார். ஹாரிசன் 885 யார்டு, அவருக்குப் பின்னால் போன மாலிக் நேபர்ஸ் 1,204. பிக்கை வாங்குங்கள், ஆனால் ஏப்ரலில் வாங்காதீர்கள். அக்டோபரில், வேறொருவரின் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது வாங்குங்கள்.

கடைசி இடங்களை அடைத்துவைப்பது

25இல் ஒன்றாவது காலியாகவோ, யோசிக்காமல் காலி செய்யக்கூடியதாகவோ இருக்க வேண்டும். 2023இல் பூக்கா நக்குவா என்எஃப்எல் ட்ராஃப்டில் 177ஆவது ஆளாகப் போனார். எங்கள் ரூக்கி ட்ராஃப்டில் அவரை யாரும் தொடவில்லை. முதல் ஞாயிறு சியாட்டிலில் பத்து பந்து பிடித்தார். அன்று இரவே காலி இடம் வைத்திருந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். நான் அப்போது மூன்றாவது குவார்ட்டர்பேக்கைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த குவார்ட்டர்பேக் அந்த வருஷம் ஒரு ஆட்டத்தில் கூட இறங்கவில்லை.