ஒரு ஏ4 தாள், எட்டுப் பக்கம்: முதல் காமிக்ஸை வரைவது, விற்பது, சொல்லிக்கொடுப்பது

சொந்தமாகக் காமிக்ஸ் போடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏழு பாகத் தொடர்கதையில்தான் கை வைப்பார்கள். முதல் பாகம் பாதியிலேயே நின்றுபோகும். ஒரு கதையை முடித்துப் பழகாதவர்களுக்கு நீளமான கதை ஒத்துவராது. என்னிடம் கேட்டால், ஒரே ஒரு ஏ4 தாளில் ஆரம்பியுங்கள் என்பேன். மடித்தால் அது எட்டுப் பக்கப் புத்தகம். பின் வேண்டாம், பசை வேண்டாம், அச்சகத்துக்கு அலைய வேண்டாம். காமிக் கான் மாதிரி காமிக்ஸ் ரசிகர் விழாவில் விற்பனை மேசை போட்டால் அதுதான் உங்களிடம் இருக்கும் மலிவான சரக்கு, விசிட்டிங் கார்டும் அதுவே. பள்ளியில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் பாடத்திட்டமும் அதுவே. தனியாகத் தொழில் செய்யும் காமிக்ஸ்காரருக்கு வரைவது, விற்பது, சொல்லிக்கொடுப்பது மூன்றும் சேர்ந்தால்தான் பிழைப்பு ஓடும். அதனால் மூன்றையும் இந்த ஒரு தாளை வைத்தே சொல்கிறேன்.

வாங்கி வைக்க வேண்டியவை: ஏ4 தாள் கொஞ்சம், பென்சில், ரப்பர், ஸ்கேல், கத்தரிக்கோல், 0.5 மி.மீ. முனையுள்ள கறுப்பு ஃபைன்லைனர் பேனா ஒன்று. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் கோடு ஜெராக்ஸில் சாம்பலாக விழும். ஜெல் பேனாவில் கை பட்டால் இழுவிக்கொள்ளும்.

படி 1: மடிப்பு

தாளைப் படுக்கைவசமாக வையுங்கள். மேல் விளிம்பு கீழ் விளிம்பில் படும்படி ஒருமுறை மடித்து விரியுங்கள். பிறகு இடது விளிம்பை வலது விளிம்பின் மேல் வைத்து மடித்து, அதையே இன்னொரு முறை மடித்து விரியுங்கள். இப்போது மேலே நான்கு, கீழே நான்கு என எட்டு அறைகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம்.

மறுபடி இடது விளிம்பு வலது விளிம்பில் படும்படி ஒருமுறை மட்டும் மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, நடுவில் ஓடும் கோட்டின் மேல், ஒரு அறை தூரத்துக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு அறை நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். விளிம்பு வரை வெட்டிவிட்டால் தாள் போச்சு, வேறு எடுக்க வேண்டியதுதான்.

இப்போது தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி அமுக்கினால் புத்தகம் தயார்.

இந்த வெற்றுப் புத்தகத்திலேயே அட்டையிலிருந்து 1 முதல் 8 வரை எண் போட்டு, பிரித்துப் பாருங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 என்று நேராக இருக்கும். மேல் வரிசையில் 5, 4, 3, 2 என்று தலைகீழாக இருக்கும். இப்படி வரவில்லையென்றால் சுற்றியது எதிர்ப்பக்கம். இந்த எண் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள், வரையும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

படி 2: ஆறு பக்கத்தில் ஒரு கதை

1 முன்னட்டை, 8 பின்னட்டை. கதைக்கு மிஞ்சுவது 2 முதல் 7 வரை ஆறு பக்கம். இதில் 2-3, 4-5, 6-7 மூன்றும் ஜோடிப் பக்கங்கள், ஒரே பார்வையில் விழும். வாசகர் உண்மையில் தாளைத் திருப்புவது 3 முடிந்ததும், 5 முடிந்ததும்தான். ஆகவே எதிர்பாராதது எதுவாக இருந்தாலும் 4-லோ 6-லோ வையுங்கள். 3-ல் வைத்தால் 2-ஐப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

கதைக்கு உலகத்தைக் காப்பாற்றும் ஹீரோ வேண்டாம். ஒரு உதாரணம்:

பக்கம் 2: மப்சல் பஸ்ஸில் ஒரு பெரியவர் 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். பக்கம் 3: கண்டக்டர் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். “சில்லறையா குடு பெருசு.” பக்கம் 4: கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதி நீட்டுகிறார். பக்கம் 5: ஜன்னலோரக் காற்று, பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். பக்கம் 6: பக்கம் முழுக்க அவருடைய மூஞ்சி, “அய்யய்யோ, எறங்கணும்!” பக்கம் 7: வசனமே இல்லை. புழுதி, தூரத்தில் பஸ்ஸின் முதுகு, கையில் டிக்கெட், அதில் பேனாவால் 488.

இதற்கு முன்கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் அந்த 488 எல்லோருக்கும் புரியும்.

படி 3: முதலில் எழுத்து, அப்புறம் படம்

புதிதாக வருகிறவர்கள் படத்தை நன்றாக முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடுக்கில் வசனத்தைத் திணிப்பார்கள். தமிழில் அது நடக்காத காரியம். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லே 74 மி.மீ. பக்கத்தில் ஒரு வரியை விழுங்கிவிடும். வசனத்தில் ‘போயிட்டிருந்தேன்’ என்று பேச்சு வழக்கில் எழுதினால் இடமும் மிச்சம், ஆளும் உயிரோடு பேசுவார். சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள். அதைவிட வசனத்தையே மாற்றுவது மேல்.

வரிசை இதுதான்: பென்சிலால் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றி பலூனை வரையுங்கள், மீதி இடத்தில் ஆளை நிறுத்துங்கள். எழுதிய பிறகு பலூன் வரைந்தால் அது எழுத்துக்கேற்ற அளவில் அமையும். முதலில் பேசுகிறவருடைய பலூன் இடது மேல் பக்கம் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து சொல் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள். பெரும்பாலும் முதல் வாக்கியம்தான் வெட்டத் தோதாக இருக்கும்.

எழுத்தின் உயரம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ண, ன, ணை, னை இவற்றில் சுழிகள் நெருக்கமாக இருக்கும். சின்னதாக எழுதினால் ஜெராக்ஸில் சுழிக்குள் மை அடைத்து, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தெரியாத கறுப்புப் புள்ளியாகிவிடும். எழுதி முடித்ததும் தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து சிறிது.

படி 4: மை போட்டு ஜெராக்ஸ் எடுப்பது

வெட்டாத, மடிக்காத புதுத் தாளில்தான் மூலப்படம் இருக்க வேண்டும். மடிப்புக் கோடுகள் ஜெராக்ஸில் நிழலாக விழும். எட்டு அறைகளைப் பென்சிலால் மெலிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாளின் நான்கு ஓரமும் 5 மி.மீ. வெற்றாக இருக்கட்டும், பெரும்பாலான மெஷின்கள் ஓரம் வரை அச்சடிப்பதில்லை. மேல் வரிசையை வரையும்போது தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையுங்கள். மை காய்ந்த பிறகு ரப்பர்.

கடையில் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, அங்கேயே நின்று மடித்துப் பாருங்கள். சாய்வாக வந்திருந்தால் மெஷினில் ஓரமாகத் தள்ளி வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பின்னணி சாம்பலாக வந்தால் ‘டார்க் கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா’ போதும். கறுப்பு வெள்ளைப் படத்தை மஞ்சளோ வெளிர் பச்சையோ கலர் தாளில் எடுத்தால் கலர் பிரிண்ட் செலவில்லாமல் மேசையில் பளிச்சென்று தெரியும். தாளின் மறுபக்கம் முழுக்க வெற்றாகத்தானே இருக்கிறது? அங்கே ஒரு பெரிய படம் வரைந்தால், புத்தகத்தைப் பிரித்தால் போஸ்டர்.

படி 5: மேசை போடுவது

2011-ல் தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டரிலும் நடந்தது. இப்படிப்பட்ட விழாக்களில் தனிக் கலைஞர்களுக்கென்று மேசைகள் ஒதுக்குவார்கள். பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வாடகை உண்டு. முதல் முறை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் கல்லூரி விழாவோ கைவினைச் சந்தையோ போதும். உலகத்தின் பெரிய காமிக்ஸ் சந்தைகளில் ஒன்றான டோக்கியோவின் கொமிக்கெட், 1975 டிசம்பரில் 32 குழுக்களும் சுமார் 700 வாசகர்களுமாகத்தான் ஆரம்பித்தது. இன்று லட்சக்கணக்கில் ஆள் வரும் அந்த விழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேசை, 90 செ.மீ.க்கு 45 செ.மீ. நீங்களும் வீட்டில் தரையில் அந்த அளவுக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, சரக்கை அடுக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் படுக்க வைத்தால் நடந்து போகிறவர் கண்ணில் எதுவும் படாது. ஒரு அட்டைப் பெட்டியைத் துணியால் மூடி, அதன் மேல் சாய்த்து நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் விலையைப் பெரிதாக எழுதுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மடிப்புப் புத்தகம் 20 ரூபாய், மூன்று வாங்கினால் 50 என்று வைக்கலாம். கியூஆர் கோடு கட்டாயம், கூடவே பத்து ரூபாய்த் தாள்களும் கொண்டுபோங்கள். கூட்டம் ஏறியதும் அரங்குக்குள் சிக்னல் படுத்துவிடும்.

யாராவது நின்றால் உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டாம். புத்தகத்தின் பக்கம் 2-ஐத் திறந்து கையில் கொடுங்கள். “ஒரு நிமிஷம்தாங்க, படிச்சுப் பாருங்க.” பிறகு அவர் முகத்தையே பார்க்காமல் குனிந்து எதையாவது வரைந்துகொண்டிருங்கள். 7-ஆம் பக்கத்தில் சிரித்தவர் பெரும்பாலும் வாங்குவார். சிரிக்காதவரும் பின்னட்டையில் உங்கள் பெயரையும் இன்ஸ்டாகிராம் முகவரியையும் பார்த்திருப்பார்.

பிரபலமான அனிமே பாத்திரங்களின் படம்தான் வேகமாக விற்கும், அது தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாத்திரத்தின் உரிமை உங்களுடையதல்ல, அதைத் தேடி வாங்கியவர் அடுத்த வருஷம் உங்களைத் தேடி வரப்போவதுமில்லை. என் கணக்கில், மேசையில் முன் இடம் சொந்தக் கதைக்குத்தான். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக் கூட்டம் வேறு ரகம். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்தவர்கள் அங்கே வருவார்கள். காமிக் கானில் காஸ்ப்ளே போட்ட, அதாவது பிடித்த பாத்திரம் மாதிரி வேஷம் கட்டிய பிள்ளைகள் அட்டையைப் பார்த்து நிற்பார்கள். புத்தகக் காட்சிக்கு வரும் இவர்கள் உள்ளே புரட்டி, எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள்.

படி 6: வகுப்பெடுப்பது

படம் வரையத் தெரியாதவர்களும் காமிக்ஸ் போடலாம் என்பதை நம் நாட்டில் பெரிய அளவில் செய்து காட்டியவர் சரத் சர்மா. அவருடைய வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா, ஊர் ஊராகப் பட்டறை நடத்தி, நான்கே கட்டத்தில் தங்கள் ஊர்ப் பிரச்சினையை வரைய சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித்தந்தது. இரண்டு ஏ4 தாளை ஒட்டிய சுவரொட்டி, ஜெராக்ஸ் எடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டுவார்கள். உங்கள் வகுப்புக்கும் அந்த மனநிலைதான் வேண்டும். அழகாக வரையச் சொல்லிக்கொடுக்க வரவில்லை, கதையை முடிக்கச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள்.

இரண்டு மணி நேரம் கேளுங்கள். 45 நிமிஷப் பீரியடில் மடிப்பதற்கே மணி அடித்துவிடும். முதலில் மடிப்பு. சின்னப் பிள்ளைகளுக்குக் கீறலை நீங்களே முன்கூட்டி வெட்டிக்கொண்டு போங்கள். புத்தகம் கையில் உருவாகும் அந்த நொடியில் வகுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அடுத்து முகம். கட்டாயம் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும்:

“சார், எனக்கு வரைய வராது.”

“உருண்டை போட வருமா?”

“வரும்.”

“போடு. உள்ள ரெண்டு புள்ளி வை. புருவம் மட்டும் சாய்ச்சுப் போடு.”

“...கோவமா இருக்கான் சார்!”

“யார் மேல கோவம்?”

அங்கிருந்து கதை தானாக நகரும். புருவக் கோட்டை உள்பக்கம் கீழே சாய்த்தால் கோபம், வெளிப்பக்கம் கீழே சாய்த்தால் சோகம், மேலே தூக்கினால் ஆச்சரியம். வாய்க்கு மூன்று வகை. இவ்வளவே போதும். ‘வீட்டில் உனக்குத் திட்டு விழுந்த ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் யாருக்கும் கதைப் பஞ்சம் வராது. ‘சுற்றுச்சூழல்’ என்று கொடுத்தால் எல்லாப் புத்தகத்திலும் ஒரே மரம் அழுதுகொண்டிருக்கும்.

பிள்ளைகளிடமிருந்து ரப்பரைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் முதல் பக்கத்தையே அழித்து அழித்து எழுதுவார்கள். கடைசி அரைமணியில் பள்ளி ஆபீஸிலேயே ஜெராக்ஸ் எடுக்க முன்பே பேசி வையுங்கள். ஆளுக்கு ஐந்து பிரதி எடுத்து, பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும். அவர்கள் வரைந்ததை நீங்கள் இணையத்தில் போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காசு விஷயம். கூப்பிடும்போதே கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, தாள்-பேனா செலவு யாருடையது, போக்குவரத்து தனியா. ஃபோனில் பேசியதை அன்றே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். ‘பட்ஜெட் இல்லை, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்பவர்கள் வருவார்கள். அந்தப் பள்ளிக்கு உண்மையிலேயே வசதி இல்லையென்றால் போங்கள், நானும் போவேன். மேடை, பேனர், சால்வைக்கெல்லாம் செலவழிக்கிறவர்கள் அப்படிச் சொன்னால் உங்கள் கட்டணத்தை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே பில் அனுப்புங்கள். பான் எண், வங்கிக் கணக்கு விவரம் இரண்டும் பில்லிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அதைக் கேட்டே இன்னொரு மாதம் ஓட்டுவார்கள்.