முழு விலை கேமை வாங்குமுன் அதற்குள் இருக்கும் கடையை எடைபோடுவது எப்படி?

முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள் மறுபடியும் காசு கேட்பது நியாயமா என்ற விவாதம், 2006-இல் 'ஆப்லிவியன்' கேமில் குதிரைக் கவசம் 2.50 டாலருக்கு விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. 70 டாலர் கேம்களிலும், கேமுக்குள்ளேயே பொருட்களைக் காசுக்கு விற்கும் மைக்ரோடிரான்சாக்‌ஷன் சாதாரணமாகிவிட்ட இன்றும், "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பமிருந்தால் வாங்கலாம்" என்பதே நிறுவனங்களின் பதிலாக இருக்கிறது. அந்தப் பதில் எந்த கேமில் உண்மை, எந்த கேமில் வெறும் பேச்சு என்பதை வாங்குபவரே சோதித்துப் பார்க்க முடியும்.

முதலில், கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உடை, நிறம் போன்ற அலங்காரங்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆன்லைனில் எதிராளியை வெல்ல உதவும் பலத்தை விற்றால் அந்த கேமைத் தவிர்ப்பதே நல்லது. இந்த இரண்டையும் கண்டுபிடிப்பது எளிது. கடினமானது மூன்றாவது வகை. அதாவது, நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லி விற்பது. எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதே நிறுவனம்தான் என்பதால், இங்கே கணக்குப் போடாமல் எதையும் நம்பக் கூடாது.

அந்தக் கணக்கை 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற கார் பந்தய கேமை வைத்துப் பார்க்கலாம். 2022 மார்ச்சில் வெளியானபோது, கேமுக்குள் செலவாகும் பணமான கிரெடிட், 20 லட்சம் 19.99 டாலருக்கு விற்கப்பட்டது. கேமில் இருந்த மெக்லாரன் எஃப்1 காரின் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். அப்படியானால் அந்த ஒரு காருக்கு ஏறத்தாழ 185 டாலர் ஆகிறது. கேமின் விலையோ 70 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். காசு கொடுக்காமல் ஓட்டியே சம்பாதிப்பதானால், ஒரு பந்தயத்துக்கு 50,000 கிரெடிட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 370 பந்தயங்களை வெல்ல வேண்டும். எந்த கேமிலும் மிக விலை உயர்ந்த பொருள் ஒன்றையும் நடுத்தர விலைப் பொருள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவை எத்தனை டாலர், எத்தனை மணி நேரம் என்று இப்படி இரண்டு எண்களாக மாற்றிவிட்டால், கிரெடிட், காயின், கிரிஸ்டல் என்ற பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான விலை வெளியே வந்துவிடும். இந்தப் பணங்களை நாம் கேட்கும் அளவில் விற்காமல் குறிப்பிட்ட பொதிகளாக மட்டுமே விற்பதால், மிச்சம் நின்றுபோகும் தொகையையும் செலவாகவே எழுத வேண்டும்.

அடுத்ததாக, அதே வரிசையில் வந்த முந்தைய கேமோடு ஒப்பிட வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. 2024 மார்ச்சில் 'டிராகன்ஸ் டாக்மா 2' வந்தபோது, நடக்காமல் நொடியில் வேறிடம் போகும் விரைவுப் பயணத்துக்கு உதவும் போர்ட்கிரிஸ்டலைக் காசுக்கு விற்கிறார்கள் என்று பெரும் கோபம் எழுந்தது. ஆனால் 2012-இல் வந்த முதல் கேமிலும் விரைவுப் பயணம் அரிதாகத்தான் கிடைத்தது. நீண்ட நடை அந்த கேமின் இயல்பு. விற்ற பொருட்களும் விளையாடினாலே கிடைப்பவை. அந்தக் கடை எனக்கு அழகாகத் தோன்றவில்லை என்றாலும், கேமை வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று சொல்வதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

வெளியான நாளிலேயே வாங்காமல் ஒரு மாதமாவது பொறுத்திருப்பது அவசியம். விமர்சகர்கள் மதிப்பெண் கொடுத்த பிறகு கடை திறப்பது பழகிப்போன வழக்கமாகிவிட்டது. 'கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃபியூல்ட்' 2019 ஜூனில் வந்தது. காசுக்கு நாணயம் வாங்கும் வசதி ஆகஸ்டில் நுழைந்தது. 'டெக்கன் 8' 2024 ஜனவரி கடைசியில் வந்தது. அதன் கடை பிப்ரவரியில் வந்தது. 'கிரான் டூரிஸ்மோ 7' வெளியாகி இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒரு அப்டேட்டில் பல பந்தயங்களின் பரிசுத் தொகையைக் குறைத்துவிட்டார்கள். முதல் நாள் விமர்சனத்தைப் படித்து வாங்கியவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

அட்டையில் இருக்கும் முத்திரையையும் படிக்க வேண்டும். கேம்களுக்கு வயது முத்திரை தரும் அமெரிக்க அமைப்பான இஎஸ்ஆர்பி, 2018 முதல் கேமுக்குள் விற்பனை உண்டு என்பதையும், 2020 முதல் என்ன வருமென்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் உண்டு என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிடச் செய்கிறது. ஐரோப்பாவின் பெகி முத்திரையும் அப்படியே. இரண்டாவது குறிப்பைக் கண்டால், வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அந்த கேமைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 'ஃபிஃபா 18' உள்ளிட்ட கேம்களின் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. மீறி வாங்குவதானால், கணக்கிலிருந்து கார்டு விவரத்தை நீக்கிவிட்டு, பிள்ளையின் கணக்குக்குச் செலவு வரம்பு வைத்துவிட வேண்டும்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் கதையைத் தொடருமுன் கடையைத் திறந்து விலைப்பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் புகார் சொல்லுங்கள், பயன் உண்டு. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2'-இல் டார்த் வேடர் என்ற நாயகப் பாத்திரத்தை விளையாடத் திறக்க 60,000 கிரெடிட் வேண்டியிருந்தது; ஒரு நாயகனுக்குச் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று விளையாடியவர்கள் கணக்குக் காட்டினார்கள். கேமை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் முதலில் விலையை 75 சதவீதம் குறைத்தது. பிறகு கேம் முறைப்படி வெளியாவதற்கு முன்பே காசுக்கு விற்பதை நிறுத்தியது. 'கிரான் டூரிஸ்மோ 7'-இலும் எதிர்ப்புக்குப் பின் தயாரிப்பாளர் கசுனோரி யமவுச்சி மன்னிப்புக் கேட்டார். பரிசுத் தொகைகள் ஏப்ரலில் உயர்த்தப்பட்டன. இரண்டு முறையும் எடுபட்டது எண்களோடு வந்த புகார். ஆகவே விமர்சனம் எழுதும்போது பொருளின் பெயர், அதன் விலை, ஒரு ஆட்டத்தில் கிடைக்கும் தொகை, அப்டேட்டின் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வெளியான முதல் சில வாரங்களுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.