வீட்டுக் காவலுக்கு ஷாட்கன்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை, ஹூஸ்டனுக்கு மேற்கே துப்பாக்கி சுட நாங்கள் வழக்கமாகப் போகும் திறந்தவெளி ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் ஓர் இளம் தம்பதி. கையில் புது மாஸ்பெர்க் 500 பம்ப் ஷாட்கன். பொடிக் குண்டுகள் நிறைந்த பேர்ட்ஷாட் தோட்டா, அதாவது ஷெல், நூறு அடங்கிய பெட்டியை முக்கால் மணி நேரத்தில் சுட்டுத் தீர்த்தார்கள். வீட்டில் எந்தத் தோட்டா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பக்ஷாட்தான்க்கா, பெட்டியவே இன்னும் பிரிக்கல" என்றாள் அந்தப் பெண். (பக்ஷாட் என்றால் பெரிய குண்டுகள் கொண்ட தோட்டா.) பத்து வருடங்களுக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குழலை யார் பக்கமும் திருப்பக் கூடாது, சுடும் வரை விரல் ட்ரிகரில் படக் கூடாது என்பதையெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வகுப்பெல்லாம் முடிந்து, நாமாகத் தனியே பயிற்சி செய்யும்போது படிந்துபோகும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

விசாவைப் பார்க்காமல் துப்பாக்கியைத் தொடுவது

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடையில் அடங்கும். நண்பர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள்.

ரேஞ்சில் ஒரு தோட்டா, வீட்டில் வேறு தோட்டா

மற்ற தவறுகளைப் பார்த்தால் சொல்லித் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் மனம் பதறுகிறது. ஏனென்றால் மூன்று வருடம் இதைச் செய்துகொண்டே, நன்றாகப் பழகிவிட்டதாக நம்பியிருந்தேன்.

பேர்ட்ஷாட் மலிவு, தோளுக்கும் இதம். அதனால் எல்லோரும் அதிலேயே பழகுகிறார்கள். 8-ஆம் எண் பேர்ட்ஷாட்டில் ஓர் அவுன்ஸ் என்றால் சுமார் 400 பொடிக் குண்டுகள். குறி சற்று விலகினாலும் அவற்றில் சில எப்படியும் பட்டுவிடும். இலக்காக வீசும் களிமண் தட்டு உடைந்துவிடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். வீட்டில் ட்யூபுக்குள், அதாவது துப்பாக்கியில் ஷெல்களை அடுக்கும் குழாய்க்குள், இருப்பதோ டபுள்-ஓ பக்ஷாட். ஒரு ஷெல்லில் எட்டோ ஒன்பதோ குண்டுகள்தான், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் பருமன். ஐந்தைந்தாகப் பெட்டியில் வரும், ஒரு ஷெல்லே ஒரு டாலருக்கு மேல். அந்தச் செலவை நினைத்து நான் அதைத் தொடவே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர்ட்ஷாட் சுட்ட பிறகும், என் வீட்டுத் தோட்டா எங்கே போய்ப் படும் என்று எனக்குத் தெரியாது.

வயதில் மூத்த ஒருவர், ரேஞ்சில் பழக்கமானவர், ஒருநாள் மனித உருவம் வரைந்த தாள் ஒன்றை 15 கெஜத்தில் மாட்டிவிட்டு, "வீட்டில் வைத்திருப்பதை ஒன்று சுடுங்கள்" என்றார். சுட்டேன். எட்டு ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் இருந்தன; ஆனால் நான் பார்த்த இடத்துக்கு நான்கு அங்குலம் மேலே. ஒன்பதாவதை உருவத்துக்குள் காணவில்லை. தேடிப் பார்த்தால் தோளுக்கு வெளியே, தாளின் ஓரத்தில் இருந்தது. இன்னொன்று சுட்டேன். மறுபடியும் ஒரு குண்டு வெளியே.

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு எதிரே நடை, நடைக்கு அந்தப் பக்கம் மகனின் அறை. இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை. பக்ஷாட் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். தாளின் ஓரத்தில் இருந்த அந்த ஓட்டை, வீட்டில் எங்கே விழுந்திருக்கும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். அன்று வேறு எதையும் சுடாமல் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் செய்தது இதுதான். வீட்டின் உள்ளே மிக நீளமான பார்வைத் தூரத்தை டேப் வைத்து அளந்தேன்: 11 கெஜம். மூன்று வகை பக்ஷாட் வாங்கி, ஒவ்வொன்றையும் 5, 10, 15 கெஜத்தில் புதுத் தாளில் ஒரு ஷெல் வீதம் சுட்டு, தேதியும் தூரமும் குறித்தேன். ஒன்பது குண்டு ஷெல்களில் ஒரு குண்டு தனித்து ஓடுவது பலரும் கண்டதுதான். எட்டு குண்டு கொண்ட ஃபெடரல் ஃப்ளைட்கன்ட்ரோல் என் துப்பாக்கியில் 10 கெஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் எல்லாக் குண்டுகளையும் போட்டது. அதில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் குண்டுகளைச் சற்றுத் தூரம் சேர்த்துப் பிடித்தபடியே போவதுதான் காரணம். உங்கள் துப்பாக்கியில் வேறு தோட்டா நன்றாக அமையலாம்; ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒன்று போலச் சுடாது. தாளில் பார்த்தால்தான் உண்டு.

ஷாட்கனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய தோராயக் கணக்கு. அதன்படியே வைத்துக்கொண்டாலும் படுக்கையறைத் தூரத்தில் அது ஒரு கைமுட்டி அளவு. நல்ல தோட்டா என்றால் அதைவிடச் சிறியது.

பேர்ட்ஷாட்டில் பழகக் கூடாது என்று சொல்லவில்லை, பழகுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி ஐந்து ஷெல் மட்டும் வீட்டில் இருக்கும் அதே தோட்டாவாக இருக்கட்டும். ஆட்டோ லோடர் (சுட்டதும் அடுத்த ஷெல்லைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன்) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஒரு தோட்டாவில் சிக்காமல் ஓடுகிற துப்பாக்கி இன்னொன்றில் சிக்கலாம்.

பம்பைப் பயந்து பயந்து இழுப்பது

பம்ப் ஷாட்கனில் ஒவ்வொரு ஷெல்லுக்கும் குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். அதைக் கடைசி வரை இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால், காலி ஷெல் வெளியே வராது, அல்லது புதுசு உள்ளே ஏறாது. ட்ரிகரை இழுத்தால் வெறும் 'டிக்'. ரேஞ்சில் நிதானமாகச் சுடும்போது இது தெரியவே தெரியாது, பதற்றத்தில்தான் வெளிப்படும். பலர் ஒவ்வொரு ஷெல்லுக்கும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, இடுப்பருகே வைத்து இழுக்கிறார்கள். அப்படியே கை பழகிவிடுகிறது. துப்பாக்கியின் பின்கட்டை தோளிலேயே இருக்க, கண் குறியிலேயே இருக்க, முழுப் பலத்தோடு இழுத்துத் தள்ளுங்கள். அது உடைந்துவிடாது, அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

உடம்புக்குப் பொருந்தாத கட்டை

என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கடையிலிருந்து வந்த கட்டை 14 அங்குலத்துக்கு ஒட்டிய நீளம். கன்னத்தைக் கொண்டுபோய் வைக்கவே பின்னால் சாய வேண்டியிருந்தது. சாய்ந்து நின்று சுட்டதில் அடி தோள்குழியில் விழாமல் புஜத்தில் விழுந்து ஒரு வாரம் கன்றிப்போனது. அதன் பின் சுடுவதற்கு முன்பே உடம்பு சுருங்க ஆரம்பித்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நீங்கள் பார்க்காதபோது யாராவது நிஜ ஷெல்லுக்கு நடுவே வெடிமருந்து இல்லாத டம்மி ஷெல் ஓரிரண்டு போடட்டும். டம்மி வரும்போது குழல் சட்டென்று கீழே இறங்கினால் அதுதான் அந்தப் பயம். கட்டையைக் குட்டையாக மாற்றினேன். முன்கையால் முன்னால் தள்ளி, பின்கையால் தோளுக்குள் இழுத்துப் பிடிக்கப் பழகினேன். குழல் சிறியதான, அடி குறைவான 20 கேஜுக்கு மாறுவதும் நல்ல வழிதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

20 கேஜ் ஷெல்லும் 12 கேஜ் ஷெல்லும் ஒரே பையில்

வேண்டவே வேண்டாம். மஞ்சள் நிற 20 கேஜ் ஷெல் 12 கேஜ் குழலுக்குள் இறங்கி நடுவில் மாட்டிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

காதுக்கு ஒன்று மட்டும்

காதுக்குள் வைக்கும் அடைப்பானும் வேண்டும், அதன் மேல் காதை மூடும் மஃபும் வேண்டும்.

வீட்டில் இருக்கும் நிலையிலிருந்து பழகாதது

ரேஞ்சில் எப்போதும் முழுதாக ஆயத்தமான துப்பாக்கியோடு தொடங்குகிறோம். என் பெட்டகத்தில் அது சேம்பர் (சுடவிருக்கும் ஷெல் நிற்கும் இடம்) காலியாக, ட்யூபில் மட்டும் ஷெல்லோடு இருக்கிறது. பெரும்பாலான பம்ப் ஷாட்கன்களில் சேஃப்டி ட்ரிகரை மட்டுமே தடுக்கும், கீழே விழும் அதிர்ச்சியைத் தாங்கும் என்று நம்ப முடியாது, அதனால்தான் இப்படி. ஆகவே பயிற்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்: எடு, இழு, தோளில் வை, சேஃப்டியைத் தொடு. ரெமிங்டன் 870-இல் சேஃப்டி ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கே. மாஸ்பெர்க்கில் மேலே கட்டைவிரலுக்கு அருகில். தோழியின் ரெமிங்டனில் ஆறு மாதம் பழகிவிட்டு வீட்டு மாஸ்பெர்க்கை எடுத்தபோது என் விரல் தவறான இடத்தில் தேடியது.

வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், டம்மி ஷெல்லோடு இதைச் செய்கிறேன். நிஜத் தோட்டா அனைத்தும் அடுத்த அறையில். சேம்பரையும் ட்யூபையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்த பிறகே தொடங்குவேன். முடிந்ததும் உடனே பெட்டகம். டெக்சஸில் சுடத் தயாரான துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம்.

இருட்டில் குரல் கொடுக்காதது

இலக்கைப் பார்த்துச் சுடப் பழகுகிறோம், யார் என்று கேட்கப் பழகுவதில்லை. கல்லூரியிலிருந்து என் மகள் ஒருமுறை சொல்லாமல் இரவு இரண்டு மணிக்கு வந்து பின்கதவைத் திறந்தாள். நான் பெட்டகத்தைத் திறக்கும் முன் "யாரு?" என்று கத்தினேன். "அம்மா, நான்தான்" என்றாள். அன்றிலிருந்து டம்மியோடு பழகும்போதும் முதலில் வாய்விட்டுக் கேட்டு, விளக்கு சுவிட்சைத் தட்டி, அதன் பிறகே துப்பாக்கியைத் தோளில் வைக்கிறேன். துப்பாக்கியில் மாட்டிய விளக்கை வைத்து ஆளைத் தேடாதீர்கள். வெளிச்சம் விழும் இடத்தை நோக்கியே குழலும் இருக்கும்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குவது

கையிலும் சட்டையிலும் ஈயத் தூசு இருக்கும். முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள். அதைத் தனியாகத் துவையுங்கள்.