கொள்ளைநோய்க் காலத்தில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால்

கொரோனா ஊரடங்கின் 5-ஆம் நாளான 2020 மார்ச் 29 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றும், தொழிலாளரையோ மாணவரையோ காலி செய்ய வற்புறுத்தும் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அது கூறியது. நம் திருநெல்வேலியின் மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைப்பவருக்கும், பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படித்த மாணவருக்கும் அந்த ஆணை ஒரு கவசமாக இருந்தது.

இத்தகைய ஆணை மீண்டும் வந்தால், அது யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். "கேட்கக் கூடாது" என்பது வேறு, "தள்ளுபடி" என்பது வேறு. தள்ளுபடி என்று வெளிப்படையாக எழுதப்படாதவரை, அந்த வாடகையைப் பின்னர் கொடுக்க வேண்டிய பாக்கியாகக் கருதுவதே பாதுகாப்பு.

ஆணை காலாவதியானபின் நிற்பது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்தான். இரண்டு மாத வாடகை பாக்கியானால், அதைக் கேட்டு உரிமையாளர் அறிவிப்பு அனுப்பலாம். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியுடன் முழுவதையும் செலுத்தாவிட்டால், வீட்டை மீட்டுத் தருமாறு அவர் வழக்குத் தொடரலாம். எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாததே வீட்டை மீட்க ஒரு காரணமாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே வீடு பேசி முடிக்கப்படுகிறது. அட்வான்ஸ் கொடுத்ததற்குக்கூடத் துண்டுச்சீட்டு இருக்காது. ஆகவே நோய் வரும்வரை காத்திராமல், ஒப்பந்தத்தை எழுதி, அச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வருமானம் நின்றவுடன், காரணத்தையும் எப்போது எவ்வளவு தர இயலும் என்பதையும் எழுதி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) உரிமையாளருக்கு அனுப்புங்கள். பாதித் தொகையானாலும் வங்கி வழியே செலுத்துங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே வைத்தால், படம் எடுத்துக்கொண்டு உடனே காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும்; கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம்.

நோய்ப் பயத்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைச் செவிலியர் போன்றோருக்குக் குடியிருப்பில் தொல்லை தந்து பணியைத் தடுப்பது, தொற்றுநோய்ச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் அது இலவசமாகக் கிடைக்கும்.