வீட்டு லைட்பாக்ஸில் நகைப் படம்: எங்கே சொதப்புகிறோம்?

லைட்பாக்ஸ் என்பது பக்கங்களை வெட்டி ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, உள்ளே பின்னணிக்கு வெள்ளைச் சார்ட் பேப்பர் விரித்த அட்டைப்பெட்டி; வெளியிலிருந்து விளக்கு அடித்து உள்ளே படமெடுப்போம். நான் செய்த வெள்ளி மோதிரத்தை முதன்முதலாக அதற்குள் வைத்து எடுத்தபோது, அதன் வளைவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினால், அது நான் போட்டிருந்த சட்டை! பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அது போன்.

பளபளக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதை அப்படியே காட்டிவிடும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைத் திறந்தே விடுவதால் வரும் வினை இது. வெள்ளை அட்டை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்பக்கத்தை மறையுங்கள்; ஓட்டை வழியாகப் படமெடுங்கள். சட்டை காணாமல் போய்விடும்.

சரி, எல்லாப் பக்கமும் வெள்ளையாக்கிவிட்டோம். இப்போது வேறு தொல்லை. வெள்ளி வெளிறிப்போய், மோதிரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. விரல் அகலத்தில் இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகளை வெட்டி, படத்துக்குள் வராதபடி நகையின் இருபுறமும் நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கருங்கோடு விழுந்து, வடிவம் எடுப்பாகத் தெரியும். துண்டை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே கோடு இடம் மாறும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான்.

விளக்கை ட்ரேசிங் பேப்பரோடு ஒட்டி வைப்பது அடுத்த தவறு. ஒரே இடத்தில் வெளிச்சம் குவிந்து, நகையில் வெள்ளைத் திட்டாக விழும். ஓர் அடி தள்ளி வைத்தால் தாள் முழுக்கப் பரவும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் தாள் தீப்பிடிக்கலாம். எல்.இ.டி.யே போதும்.

இரண்டு வகை வெளிச்சத்தையும் கலக்காதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பை, எதற்குச் சரிசெய்தாலும் மற்றது நிறத்தைக் கெடுக்கும். ஜன்னல் திரையை இழுத்து, அறை விளக்கை அணைத்து, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை மட்டும் போடுங்கள். அப்புறம், பட்டை தீட்டிய கற்களுக்கு இந்த மென்மையான வெளிச்சம் மட்டும் போதாது, மின்னாது. ஓரமாக ஒரு சின்ன டார்ச் அடித்தால் கல்லுக்கு உயிர் வரும்.

பின்னணி சாம்பலாக வருகிறதா? வெள்ளை அதிகமாக இருந்தால் கேமரா குழம்பி, படத்தை இருட்டாக்கும். போனில் நகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கேமராவானால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு, கூட்டலாம்.

போனை மோதிரத்துக்குள் நுழைப்பதுபோல் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பல போன்கள் தானாகவே வைடு லென்ஸுக்கு மாறி, முன்பக்கத்தைப் பூதாகரமாக்கிவிடும். தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேமராவில் லென்ஸ் துவாரத்தின் அளவு (அப்பர்ச்சர்) எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ட்ரைபாட், 2 வினாடி டைமர். முன்கல் தெளிவாகவும் பின்வளையம் மங்கலாகவும் இருக்கும் சிக்கல் பெருமளவு குறையும்.

சார்ட் பேப்பரை மடிக்காமல் வளைத்து விடுங்கள். மடிப்பு கோடாகத் தெரியும். கைரேகையை, நகையை வைத்த பிறகு இன்னொரு முறை துடையுங்கள்.

கடைசியாக நிறம். ஊதா மணிகள் கேமராவில் அடிக்கடி நீலமாகிவிடும். நகையைக் கையில் வைத்துக்கொண்டு, திரையோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதற்கு முன் போனில் இரவு நேர மஞ்சள் திரையை அணைத்துவிடுங்கள். அதை மறந்து ஒரு மாலை முழுக்க நான் திருத்திய படங்கள் அத்தனையும் மறுநாள் காலையில் நீலம் பாரித்துக் கிடந்தன.