அம்மாவின் போன் சிட்னியில் ஊமையானால்

தஞ்சாவூரிலிருந்து அம்மா இங்கு வந்து இறங்கியது 2024 நவம்பர் முதல் வாரம். அவர் போனில் உள்ளூர் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் தங்கையுடன் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினார். ஐந்தாம் நாள் டூங்காபி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு என்னை அழைத்திருக்கிறார். அழைப்பு போகவே இல்லை. கடைசியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் தன் போனைக் கொடுத்து உதவினார். "பச்சைப் பொத்தானை எத்தனை தடவைதான் அழுத்துவது?" என்று அம்மா என்மீதுதான் எரிந்து விழுந்தார். நான்கு நாளும் எங்களை ஏமாற்றியது வீட்டு வைஃபை. வாசலைத் தாண்டினால் அந்தப் போன் வெறும் கடிகாரம்.

அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் செல்போன் நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கியிருந்தன. வோடஃபோன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த வேலையை முடித்துவிட்டது. 2ஜி இங்கு 2018-லேயே போய்விட்டது. ஏர்டெல் ஊரில் 3ஜி-யை மூடியபோதும் 2ஜி-யை விட்டுவைத்தது. அதனால் பழைய பட்டன் போன் அங்கே இன்னும் பேசுகிறது. அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து பயனில்லை.

பட்டன் போன் கதை எல்லோருக்கும் புரிந்துவிடும். சிக்கல், "இது 4ஜி போன்தானே" என்று நாம் நம்பும் போனில்தான். பழைய 4ஜி போன்கள் பல, இணையத்துக்கு மட்டுமே 4ஜி-யைப் பயன்படுத்தும்; பேச்சு என்றால் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கிவிடும். இறங்க இடமில்லாத ஊரில் பேச்சும் இல்லை. குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டுமானால் போனில் வோல்டி (VoLTE) வசதி இருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர் புறப்படும் முன்பே, ஊரில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு யாரையாவது அழைக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் மூலையைப் பார்க்க வேண்டும். 4ஜி என்ற குறி 3ஜி-யாகவோ 2ஜி-யாகவோ 'E' என்ற ஆங்கில எழுத்தாகவோ மாறினால் குரல் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வோல்டி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் போட்டுவிட்டு, மென்பொருளையும் புதுப்பித்து, மறுபடி அழைத்துப் பாருங்கள். அப்படியொரு பொத்தானே இல்லை, குறியும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அந்தப் போனை ஊரிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாம்.

குறி இறங்காவிட்டாலும் வேலை முடியவில்லை. "ஜியோவில் நன்றாகப் பேசுகிறதே" என்று என் தங்கை வாதாடினாள். ஜியோவில் 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. அங்கே பேசினால் வோல்டி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சில போன்கள் சாதாரண அழைப்பை 4ஜி-யில் அனுப்பிவிட்டு, அவசர அழைப்பை மட்டும் 3ஜி-யில் தேடும்படி செய்யப்பட்டவை. இங்கு அவசர எண் 000. அந்த எண்ணை அழைக்க முடியாத போனுக்குச் சேவை தரக் கூடாது என்பது 3ஜி நிறுத்தத்தோடு வந்த விதி. அம்மாவின் போன் அப்படித்தான் முடக்கப்பட்டது. குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் இருந்ததால் விளம்பரம் என்று அழித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சோதிக்க 000-ஐ அழைத்துப் பார்க்காதீர்கள். உண்மையான ஆபத்தில் இருப்பவரின் அழைப்பு காத்திருக்க நேரும். அதற்குப் பதில், போனில் *#06# என்று தட்டுங்கள்; போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண்கள். அதை ஒரு தாளில் எழுதி, இங்கு சிம் வாங்கப்போகும் நிறுவனத்திடம் கொடுத்து, 000 அழைப்பு உட்பட எல்லாம் வேலை செய்யுமா என்று கேளுங்கள். போனின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது. ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒரு மாதிரி, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு மாதிரி என்று விற்கிறார்கள். ஒருமுறை கேட்டதோடும் விட்டுவிட வேண்டாம்: 3ஜி போய் ஏறக்குறைய ஓராண்டு ஆன பிறகு, 2025 அக்டோபரில், சில பழைய சாம்சங் மாதிரிகள் வோடஃபோன் நெட்வொர்க் மட்டும் கிடைக்கும் இடத்தில் 000-ஐ அழைக்க முடியாதவை என்று தெரியவந்தது.

போனோடு நிறுத்தாமல் வீட்டையும் ஒரு சுற்று பாருங்கள். தெருமுனை வீட்டுத் தாத்தா கழுத்தில், அழுத்தினால் உதவிக்கு ஆளை அழைக்கும் அவசரப் பொத்தான் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். அதன் உள்ளேயும் ஒரு சிம். பச்சை விளக்கு எரிந்தால் அது மின்சாரத்துக்கு மட்டுமே சாட்சி. விற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி மறுமுனையில் ஆள் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். லிஃப்ட் தொலைபேசி, கடையின் அட்டை இயந்திரம், சூரிய மின்தகட்டின் கண்காணிப்புக் கருவி எல்லாவற்றுக்கும், 3ஜி இல்லாமல் வேலை செய்யுமா என்ற இதே கேள்விதான்.

அம்மாவுக்கு இங்கேயே ஒரு 4ஜி பட்டன் போன் வாங்கினேன். பெரிய எழுத்து, பெரிய பொத்தான், இரண்டு சிம் இடம். இரண்டாவது இடம் முக்கியம்: ஊர் சிம்மை அதில் போட்டு, ரோமிங்கையும் புறப்படும் முன்பே போட்டுவைத்தால்தான் வங்கியின் ஓடிபி வரும். பழைய போன் சமையலறை ஜன்னலோரம் வைஃபையில் இருக்கிறது; தங்கையின் முகம் பார்க்க அது போதும்.