இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்கள்: முதல்முறை போகிறவர்கள் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

இங்கிலாந்து நாட்டுப்புறத்துக்கு விடுமுறையில் போகிறவர்கள் பலரும் ஒரே நாளில் ஏழெட்டு ஊரைக் காரில் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ராத்திரி படங்களைப் புரட்டினால் எது எந்த ஊர் என்றே தெரியாது; எல்லாம் தேன் நிறக் கல் வீடுகள். அந்த ஊர்கள் ஆடு ஓட்டிக்கொண்டு நடந்து வந்தவர்களின் வசதிக்காக உருவானவை. நாமும் நடந்தால்தான் பிடிபடும். தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியை வைத்துச் சொல்கிறேன். ஷ்ராப்ஷயரில் லட்லோ, சஃபோக்கில் லாவன்ஹம் என்று எங்கே போனாலும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

1. தங்குவதற்கு ஒரே ஊர்

ரயில் நிலையம் உள்ள சந்தை ஊராகப் பாருங்கள். மோரட்டன்-இன்-மார்ஷ் அப்படிப்பட்டது. லண்டன் பேடிங்டனில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், வண்டி மாற வேண்டாம்.

ஒரே ஊர் ஏன் போதும்? அக்காலத்தில் சந்தை கூட்டுவதற்கு அரசரின் சாசனம் வேண்டும். புதுச் சந்தை வந்து பழைய சந்தையின் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதற்காக 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று கணக்குப் போட்டது. ஒருவர் ஒரு நாளில் 20 மைல் நடப்பார். அந்த நாளை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வியாபாரத்துக்கு, ஒரு பங்கு வீடு திரும்ப. எனவே இரண்டு சந்தைகளுக்கு நடுவே 20 மைலில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அதாவது 10.7 கிலோமீட்டர். மோரட்டனிலிருந்து சிப்பிங் கேம்டன் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஸ்டோ-ஆன்-த-வோல்ட் மட்டும் 7 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். அதன் சந்தைச் சாசனம் 1107-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அந்தக் கணக்குக்கு முந்தையது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த ஊர் அரை நாள் நடைக்குள் இருக்கிறது.

2. கிழமை பார்த்துப் போங்கள்

மோரட்டனில் செவ்வாய் சந்தை. லட்லோவில் திங்கள், புதன், வெள்ளி, சனி. மற்ற நாட்களில் மோரட்டனில் சந்தை கூடும் அகலத் தெரு கார் நிறுத்துமிடமாகக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பேருந்தை நம்பித் திட்டமிடாதீர்கள். நான் ஒரு முறை அப்படிப் போய், நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிறு என்ற வரியே இல்லாததைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினேன். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. வரைபடம்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்45 காட்ஸ்வோல்ட்ஸுக்கானது. அளவு 1:25,000, அதாவது 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதில் பச்சைச் சிறு கோடுகள் நடைபாதை. பச்சை நீளக் கோடுகள் குதிரைகளும் போகும் பாதை. இவை தனியார் வயலுக்குள் போனாலும் பொதுமக்களுக்கு நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. களத்தில் மஞ்சள் அம்புக்குறி நடைபாதையைக் காட்டும், நீலம் குதிரைப் பாதையை. போனில் இணையம் விட்டுவிட்டு வரும் என்பதால் காகித வரைபடமும் கையில் இருக்கட்டும்.

4. ஊரைப் படியுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அவசரப்படாதீர்கள்.

முதலில் பெயர். 'சிப்பிங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. ஸ்டோவில் ஆட்டுத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அந்த ஊர்ச் சதுக்கத்துக்குள் போகும் சந்துகளில் சில, ஒரு ஆள் நுழையும் அகலம்தான். ஆடுகளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவதற்காக இப்படி என்று ஊரில் சொல்வார்கள்.

அப்புறம் தெருவின் வடிவம். நடுவில் அகன்று இரண்டு முனையிலும் குறுகினால் அது கடை போடுவதற்காக விட்ட இடம். தெருவைப் பார்த்த வீடுகளின் முகப்பு குறுகலாகவும், பின்கட்டு நீளமாகவும் இருக்கும். தெருமுகம் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்க வேண்டுமே.

சிப்பிங் கேம்டனில் 1627-இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பணக்காரத் துணி வணிகர் கட்டிக்கொடுத்த சந்தை மண்டபம் நிற்கிறது. சுவர் இல்லை, கல் வளைவுகளும் மேலே கூரையும் மட்டும். உள்ளே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காலடியில் கல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது, பார்க்காமல் நடந்தால் இடறும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் மழையில் நனையாமல் விற்பதற்கான இடம் இது. இந்த ஊர்களுக்குப் பணம் கொண்டுவந்த கம்பளி வியாபாரத்துக்கு இவ்வளவு சின்ன மண்டபம் போதாது.

கம்பளிப் பணம் எங்கே போனது என்று பார்க்க, அதே தெருவில் 1380 வாக்கில் கட்டிய கிரெவல் வீட்டின் உயரமான சன்னலைப் பாருங்கள். பிறகு தேவாலயத்துக்குள் போனால், 1401-இல் இறந்த வில்லியம் கிரெவலின் பித்தளைத் தகடு தரையில் இருக்கும். இங்கிலாந்துக் கம்பளி வணிகர்களின் மலர் என்று அதில் அவரைப் புகழ்ந்திருக்கிறார்கள். பின்னாளில் துணித்தொழில் நிலக்கரி கிடைத்த வடக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. இங்கே இடித்துக் கட்டப் பணமில்லை, பழைய வீடுகள் அப்படியே நின்றுவிட்டன.

5. ஊரிலிருந்து கிராமத்துக்கு

மோரட்டன், பேட்ஸ்ஃபோர்ட், பிளாக்லி, சிப்பிங் கேம்டன்: ஒரு நாளுக்கு நல்ல நடை. கணுக்கால் வரை ஏறும் காலணி வேண்டும். கோடையிலும் வயல் ஓரம் சேறாக இருக்கும். வாயிற்கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு பசு நின்றால் சுற்றிப் போங்கள்.

6. வீடுகளுக்கு முன்னால்

காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக இருந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். கூட்டம் வேண்டாமென்றால் காலை ஒன்பது மணிக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

சரி, சாப்பாடு. கிராமத்துப் பப்களில் மதியச் சமையல் பல இடங்களில் இரண்டு, இரண்டரைக்கே முடிந்துவிடும். நடையை அதற்குத் தகுந்தாற்போல் தொடங்குங்கள். சேற்றுக் காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.